தேசம்மா பார்த்துக்கொண்ட இருபத்திரண்டு பிள்ளைகள்

ஒரு குழந்தையைத் தூக்குவதற்கு முன் தேசம்மா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பாள். மூக்கு நுனியைச் சொறிகிறவள் மாதிரி வலது கையை முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு இடது கை. மனசுக்குச் சரிப்படவில்லையென்றால் கிணற்றடிக்குப் போய்ப் புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்ப்பாள்; விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டின் உட்புறம் ஒன்றையும் விடமாட்டாள். மறுபடி முகர்வாள். அதற்கப்புறந்தான் குழந்தை அவள் இடுப்புக்கு ஏறும். மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கி அவளுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கையில் மீன் வாசனை இருக்க நியாயமே இல்லை. ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாயார், "உங்க ஆயா தொட்டா சட்டையெல்லாம் கவிச்சு நாத்தம் அடிக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மீன் போய்விட்டது, அந்தப் பேச்சு கையை விட்டுப் போகவில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ரைட்டர், அதாவது குமாஸ்தா. என் மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே கிணறு. அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். மற்றபடி யாரிடமும் வாயைத் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் நான் இல்லை.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கும் லஸ் முனைக்கும் நடுவே இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. பெயர் வேண்டாம். சில பெரிய மனிதர்கள் சேர்ந்து கமிட்டி வைத்து நடத்தினார்கள். காரியதரிசி ஒரு வக்கீல். தலைமை ஆசிரியை மிஸ் துரைராஜ், திருநெல்வேலிக் கிறிஸ்தவர். தேசம்மாவும் கிறிஸ்தவள்தான், சாந்தோம் குப்பத்துக் கத்தோலிக்கப் பெண். அந்த ஒற்றுமையால் அவளுக்கு ஒரு லாபமும் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

அவள் வேலைக்கு வந்த கதையைப் பியூன் கபாலி சொல்லியிருக்கிறான். ஒருநாள் காலையில் மிஸ் துரைராஜுக்கு மீன் கொடுக்கப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்தாளாம். சிறு வகுப்புக் குழந்தை ஒன்று அம்மாவைக் கேட்டு அழுது, நீலம் பாரித்து, மூன்று டீச்சர்களையும் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்தது. தேசம்மா கூடையை இறக்கினாள். ஒரு சங்கரா மீனை எடுத்து அதன் வாயைத் திறந்து திறந்து மூடி, குழந்தையின் அழுகைக்கு ஏற்ற மாதிரி அதையும் அழ வைத்தாள். குழந்தை சிரித்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள் ஆயா. புருஷன் மிக்கேல் கட்டுமரத்தில் போகிறவன். ஒரே மகள் ஆரோக்கியமேரி. ஆயாவின் மகள் என்பதால் அவளையும் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். நாலாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில், மற்றவர்களுக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முப்பத்துநான்காம் வருஷத்து ஆண்டு விழாவில் ஒரு விபரீதம் நடந்தது. தலைமை வகித்த ஜட்ஜ் பேச எழுந்ததும் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. அதைக் கேட்டு ஏழெட்டு. ஜட்ஜ் பெண் கல்வியின் மேன்மையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கமிட்டி கூடியது. 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மண்டபத்துக்குள் அழைத்து வரலாகாது' என்று தீர்மானம் ஆயிற்று. அதை எழுதியவன் நான்.

அடுத்த வருஷம் அழைப்பில் அந்த வரியைப் பார்த்ததும் தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள், சர்க்கார் உத்தியோகத்துக்காக ஊரைவிட்டு வந்த இளந்தம்பதிகள், இவர்களுக்கெல்லாம் வீட்டில் வேறு மனிதர் கிடையாது. "குழந்தையை எங்கே விட்டுட்டு வரதாம், டிராமிலயா?" என்று ஓர் அம்மாள் ஆபீசுக்கே வந்து கேட்டாள். பெற்றோர் வராவிட்டால் விழா எதற்கு? ஆகவே மிஸ் துரைராஜ் ஒரு யோசனை செய்தார். இரண்டாம் வகுப்பு அறையில் பாய் விரித்துக் குழந்தைகளை அங்கே விட்டுவிடுவது. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டு வரை தேசம்மா பார்த்துக்கொள்வது. அதற்குப் பிள்ளை அறை என்று பெயரும் வைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். நல்ல யோசனைதான். அந்தத் தேசம்மாவும் ஒரு பெண்ணைப் பெற்றவள், அந்தப் பெண்ணும் அதே விழாவில் மேடை ஏறுகிறாள் என்பது மட்டும் யோசனையில் சேரவில்லை.

மிஸ் துரைராஜ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் அதே அறையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஒரு குழந்தையோட சத்தம் மண்டபத்துக்குக் கேட்கக் கூடாது, தேசம்மா. உன்னை நம்பித்தான் இந்த ஏற்பாடு."

"கேக்காதும்மா. எங்க மேரி வர்ற எடத்துக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிசம் போய்ப் பாத்துக்கினு வந்துடறேன்."

"அப்புறம் பார்க்கலாம்."

"ஒரு தபா பாத்தா போதும்மா. வாசப்படியிலே நின்னுக்கினு..."

"அப்புறம் பார்க்கலாம்னேனே."

மிஸ் துரைராஜின் அகராதியில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். பெற்றோருக்கான நுழைவுக் கார்டுகளில் விலாசம் எழுதியபோது மேரியின் பெயர் வந்த இடத்தில் நான் நிறுத்திக் கேட்டேன். "அவ அம்மா இங்கேதானே இருக்கப் போறா, கார்டு எதுக்கு?" என்றார். நூற்றுநாற்பது கார்டு எழுதினேன். அவர்களுக்கு ஒன்று எழுதவில்லை.

இனி நாடகம். தமிழ்ப் பண்டிதர் 'கடைத்தெரு' என்று ஒன்று எழுதியிருந்தார். காய்காரி, பூக்காரி, வளையல்காரி, தயிர்க்காரி, மீன்காரி ஒவ்வொருத்தியாக வந்து நாலு வரி பாடிவிட்டுப் போகவேண்டும். மீன்காரியாக மேரியைப் போட்டார். பண்டிதர் எதுகை தவறாமல் எழுதிக் கொடுத்த பாட்டை அவள் முதல் ஒத்திகையில் மறந்துவிட்டாள். நின்று திருதிருவென்று விழித்தாள். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தன் தாய் தெருவில் கூவிய கூவலையே எடுத்துவிட்டாள்.

"மீனேய்ய்... மீனு! கோலா கீது, கெளுத்தி கீது, துள்ற சங்கரா கீது... அலை காயறதுக்குள்ள வாங்கம்மோவ்..."

எதுகையில்லை, மோனையில்லை. ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்குப் பேனா நின்றுவிட்டது. அலை காய்வதற்குள்! பண்டிதர் நல்ல மனிதர். தன் பாட்டை அவரே அடித்துவிட்டார். ஒத்திகை பார்க்க வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளும் "அந்த மீன்காரிதான் நாடகத்துக்கே உயிர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் உடுப்புகள் வந்தன. மீன்காரிக்கு ஜரிகை போட்ட கண்டாங்கி. கூடை நிறைய வெள்ளி ஜிகினாக் காகிதத்தில் செய்த மீன்கள். தயிர்க்காரிக்கு ஒரு மண்சட்டி. தயிர்க்காரி, காரியதரிசியின் மகள் கற்பகம். ஜிகினா மீனைப் பார்த்ததும் அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஒன்பது வயதுக் குழந்தை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் காரியதரிசி ஒரு சீட்டு அனுப்பினார். கற்பகம் மீன்காரியானாள்.

அப்படியானால் மேரி தயிர்க்காரியா? அதுதான் இல்லை. அவள் கையால் தயிர் விற்பதாவது! காலிச்சட்டிதான், நாடகந்தான், இருந்தாலும் இரண்டு தாயார்கள் முகத்தைச் சுளித்தார்கள். தயிர்க்காரிக்கு வேறொரு பெண் வந்தாள்.

அதோடும் முடியவில்லை. காரியதரிசியின் மனைவி ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்தாள்.

"கூடையைத் தூக்கிண்டு நிக்கட்டும், பாதகமில்லை. அது வெறும் காயிதம். ஆனா மீனுன்னு நாலு பேருக்கு முன்னாடி எங்காத்துப் பொண் வாயைத் திறந்து கூவப்படாது."

காகித மீனுக்குத் தீட்டு இல்லை. மீன் என்கிற சொல்லுக்குத் தீட்டு உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டும். அறையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மிஸ் துரைராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். கற்பகம் கூடையோடு வாயசைக்கட்டும். மேரி பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று கூவட்டும். இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டது குரலைத்தானே?

நிகழ்ச்சித் தாளுக்கு எழுதியவனும் நான்தான். 'மீன்காரி: குமாரி கற்பகம். பின்குரல்: குமாரி ஆரோக்கியமேரி' என்று எழுதிக் கொடுத்தேன். புரூபைப் பார்த்த காரியதரிசி இரண்டாவது குமாரியை மட்டும் சிவப்பு மசியால் அடித்துத் திருப்பி அனுப்பினார்.

விழாவுக்கு முதல்நாள் வியாழக்கிழமை மத்தியானம் தேசம்மா அந்தத் தாளோடு ஆபீசுக்கு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"ரைட்டர் ஐயா, எங்க மேரி பேரு எங்க கீது? தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினேன்.

"இம்மாந்தூண்டா கீது? பக்கத்துல இன்னா எழுதிக்கீது?"

பின்குரல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்லிவிடப் போகிறாய் என்று காத்திருக்கிற முகம்.

"பாடறான்னு போட்டிருக்கு" என்றேன்.

"பாடறான்னா?"

"ஆமாம்."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி. அந்தக் கட்டம் வர்றப்போ ஒரு அஞ்சு நிமிசம் புள்ளங்க கிட்ட வந்து குந்திக்கிறியா, நைனா? பெரியம்மா கையிலே கேட்டா அப்புறம் அப்புறம்னுது. கபாலி திரை இழுக்கப் பூடுவான். வேற யாரும் எனக்கு இல்லே."

"வரேன்" என்றேன். பொய் சொல்லிவிட்ட வாய்க்கு மறுக்கத் தெம்பு ஏது?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே ஜட்காக்களும் ரிக்ஷாக்களும் இரண்டு மோட்டார்களும் வாசலை அடைத்துக்கொண்டன. பெயர்ப் பட்டியலோடு நான் பிள்ளை அறை வாசலில் நின்றேன். குழந்தைகளை ஒப்படைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். தாயார் குழந்தையைத் தேசம்மாவின் கையில் கொடுப்பதில்லை. பாயின் நடுவில் இறக்கிவிட்டு, மூன்றடி பின்னால் நகர்ந்துகொள்வாள். அப்புறம் தேசம்மா முன்னால் வந்து தூக்கிக்கொள்ளவேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

"இவனுக்குக் கோபம் வந்தா மூச்சை அடக்கிப்பான். மூஞ்சியில ஊதினா போறும். தொட வேண்டாம்."

"பாலை நீ குடுக்காதே. அழுதா சொல்லி அனுப்பு, நானே வந்து புகட்டறேன்."

காரியதரிசியின் மனைவி தன் மூன்று வயதுப் பையனை இறக்கிவிட்டுப் பெரிய மனசோடு சொன்னாள்: "அம்பியை நீ மடியில வெச்சுண்டாலும் பாதகமில்லைடி. ஆத்துக்குப் போனதும் எப்படியும் தலையோட ஜலம் விடப்போறேன்."

"மவராசி! உன் மனசு யாருக்கு வரும்" என்றாள் தேசம்மா. அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை, சிரித்துக்கொண்டே போனாள். எனக்குப் புரிந்தது. இந்தக் கைதான் வருஷம் முழுவதும் இவர்களுடைய குழந்தைகளின் மூக்கைச் சிந்துகிறது, வாந்தியை அள்ளுகிறது. அதற்கெல்லாம் தீட்டு இல்லையா? அங்கே தாயார்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கபாலி எட்டிப் பார்த்தான். "இன்னா தேசம்மா, மெட்ராசுல கீற புள்ளங்க அல்லாம் உங்கையிலதான் கீதா?"

"நீயும் வந்து குந்துடா. தட்டித் தூங்க வெக்கிறேன்."

"எங்கம்மாவாலேயே ஆவல. போ, போ."

இருபத்திரண்டு பிள்ளைகள். இரண்டு தூளியில், மற்றவை ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வரை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒற்றை ஆள் எப்படிச் சமாளிப்பாள் என்று நான் பயந்தேன். அவள் நாலு பாயை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்தாள். நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"தோ பாருங்க. இது கட்டுமரம். கெளம்பிடுச்சு. கீழே அல்லாம் தண்ணி. கால் வெச்சா சுறா வந்து லபக்குனு கவ்விக்கும். யாரும் எறங்கக் கூடாது. தண்டு வலிங்க, தண்டு!"

இருபது பிள்ளைகளும் காலை மடக்கிக்கொண்டு துடுப்புப் போடுகிற மாதிரி கையால் காற்றை வலித்தன. ஒன்றும் இறங்கவில்லை. ஒருத்தி தன் பொம்மையின் காலைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டாள். மண்டபத்தில் பிரார்த்தனைப் பாட்டும் அறிக்கையும் ஜட்ஜின் பிரசங்கமும் முடிந்தன. இந்த அறையிலிருந்து ஒரு சத்தம் அங்கே போகவில்லை. ஜட்ஜ் தம் பேச்சில் இந்த ஏற்பாட்டை மெச்சிக் காரியதரிசிக்கு நன்றி சொன்னார். கைதட்டினார்கள். பாயின் நடுவே தேசம்மா தண்டு வலித்துக்கொண்டிருந்தாள்.

'கடைத்தெரு' ஆரம்பமாயிற்று. காய்காரி. பூக்காரி. நான் அறைக்குள் போனேன். தேசம்மா எழுந்து, சேலையை உதறி, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நான் கரைக்குப் போய் வரேன். இவருதான் இப்போ கட்டுமரக்காரரு. இவரு பேச்சைக் கேக்கணும்."

போய்விட்டாள். போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அவளை எங்கே அனுப்பியிருக்கிறேன் என்று. பாய்மேல் உட்கார்ந்திருந்தேன். இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. குழந்தைகளோடு பேசி எனக்குப் பழக்கமில்லை. பெரியவர்களோடும் இல்லை.

அம்பி என் முழங்காலைத் தட்டினான். "மாமா, கீழே நெஜமாவே சுறா இருக்கா?"

"இல்லைப்பா. வெறும் தரைதான்" என்றேன்.

என் வாயிலிருந்து உண்மை அந்த வாரத்தில் அந்த ஒரு இடத்தில்தான் வந்தது. அம்பி ஒரு காலை மெதுவாகத் தரையில் வைத்துப் பார்த்தான். மறுகாலையும் வைத்தான். "தரைதாண்டோய்!" என்று ஒரு கத்தல். கட்டுமரம் கவிழ்ந்தது. இருபதும் கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் இறங்கின. தூளியில் இருந்த இரண்டும் வீரிட்டன. இரண்டையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவை வராந்தாத் தூண்களைச் சுற்றி ஓட, மண்டப வாசலை மறிக்க நான் முந்திப் போனேன்.

மண்டபத்தின் பக்கவாசலில் தேசம்மா நின்றிருந்தாள். மேடை நடுவே கற்பகம், கூடையில் வெள்ளி மீன்கள் பளபளக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மேரியின் குரல் ஓரத்துப் பச்சைத் திரைக்கு உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. "கோலா கீது, கெளுத்தி கீது..." முன்வரிசையில் காரியதரிசியின் மனைவி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தேசம்மா நடந்தாள். ஓடவில்லை. முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே, ஜட்ஜின் காலடியை ஒட்டி நடந்து, மேடைப் படிகளில் ஏறினாள். பச்சைத் திரையை ஒரு கையால் பற்றி அந்தக் கோடிவரைக்கும் இழுத்தாள். கம்பியில் வளையங்கள் கிறீச்சென்று ஓடின.

வாயருகே கை குவித்தபடி மேரி நின்றாள். சாயம் போன பள்ளிக்கூடப் பாவாடை. தலைகூட யாரும் பின்னி விட்டிருக்கவில்லை. தாயைப் பார்த்ததும் குரல் அறுந்துவிட்டது. கற்பகம் பாவம், திரும்பிப் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தபடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டேயிருந்தாள். சத்தமில்லாத வாய். யாரோ பின்னால் சிரித்தார்கள். அது பரவி முன்வரிசைவரைக்கும் வந்தது.

"கூவுடி" என்றாள் தேசம்மா. உரக்கச் சொல்லவில்லை, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இந்த நேரத்தில்தான் என் பிள்ளைகள் உள்ளே புகுந்தன. "அம்மா! அப்பா!" என்று நாற்காலிகளுக்கு நடுவே நாலா பக்கமும் ஓடின. அம்பி நேரே மேடையேறித் தேசம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான். "சுறா இல்லே தேசம்மா! நீ சொன்னது பொய்யி! மாமா சொல்லிட்டா!"

அவள் குனியாமல் அவன் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். கண் மகளை விட்டு நகரவில்லை.

மேரி மறுபடி ஆரம்பித்தாள். முதலிலிருந்து. திரைக்குப் பின்னால் நின்று கூவிய குரல் இல்லை இது. "மீனேய்ய்" என்றபோது மின்சார விளக்கின் கண்ணாடி அதிர்ந்ததாகக் கபாலி இன்றும் சொல்கிறான். அப்படியெல்லாம் ஒன்றும் அதிரவில்லை. ஆனால் கத்திக்கொண்டிருந்த குழந்தைகள் நிறுத்தின. என் தோளில் கிடந்த இரண்டும் நிறுத்தின. அலை காயறதுக்குள்ள வாங்கம்மோவ் என்று அவள் முடித்தபோது முன்வரிசைகளில் ஒரு கை தட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜட்காக்காரர்களும் ரிக்ஷாக்காரர்களும் சமையற்காரர்களுந்தான் தட்டினார்கள். "அப்படிப் போடு கண்ணு!" என்று ஒருவன் கூவினான்.

தேசம்மா அம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். "அல்லாரும் வாங்க, கட்டுமரம் கெளம்புது" என்றாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தரை என்று தெரிந்த பிறகும் அத்தனை பிள்ளைகளும் தாயார் மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவள் பின்னால் போயின. எட்டு மணிக்கு, என் பட்டியலைக் கேட்காமலே, இருபத்திரண்டையும் எண்ணி அதே பாயின் நடுவில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் மிஸ் துரைராஜ் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். 'ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளைக் கவனியாமல் விட்டுச் சென்ற குற்றத்துக்காக' தேசம்மா வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். திரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காரியதரிசியின் மகளைப் பார்த்து ஜனங்கள் சிரித்ததைப் பற்றியும் கிடையாது.

"அப்போது நான் அறையில் இருந்தேன். பிள்ளைகளை விட்டவன் நான்தான்" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உங்களை யாரும் கேட்கவில்லை. எழுதுங்கள்."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர். ஒரு பிழை, ஓர் அடித்தல் இல்லாமல் எழுதினேன். அந்தக் கை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தேசம்மா அதை என் மேசைக்கே கொண்டுவந்தாள். "படி."

படித்தேன்.

"புள்ளங்களை உட்டுட்டுப் பூட்டேன்னா எழுதிக்கீது?"

"ஆமாம்."

"எண்ணிக் குடுத்தேனே! ஒண்ணு கொறைஞ்சுதா? எந்தப் புள்ள மேலயாச்சும் ஒரு கீறல் கீதா? நீ பாத்தியே, நீ சொல்லு."

நான் மேசையைப் பார்த்தேன்.

"த்தூ" என்றாள். என்மேல் படவில்லை, ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாகவே போனாள், பின்வாசல் வழியாகப் போகவில்லை. மேரியின் பெயரை ரிஜிஸ்டரில் அடிக்கச் சொன்னார்கள். அதையும் நான்தான் அடித்தேன்.

அடுத்த வருஷம் பிள்ளை அறைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு டீச்சரைப் போட்டார்கள். ஆறு மணிக்குள் மண்டபத்தில் மறுபடி அழுகைக் கச்சேரி. கமிட்டி, விழாவைப் பகலுக்கு மாற்றியது. பகலில் தகப்பன்மார் வரவில்லை.

தேசம்மா மறுபடி கூடை எடுத்தாள். குப்பத்திலிருந்து சந்தைக்குப் போக அவளுக்குக் கடற்கரைச் சாலையே நேர்வழி. ஆனால் தினமும் காலை பத்து மணிக்குச் சுற்றிக்கொண்டு காரியதரிசியின் வீட்டுத் தெருவில் நுழைவாள். அந்தத் தெருவில் மீன் வாங்குகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. வக்கீல் கோர்ட்டுக்குப் புறப்படும் நேரம். அவர் வீட்டு வாசலுக்கு எதிரே நின்று, கூடையைக் கை மாற்றி வைத்துக்கொண்டு, "மீனேய்ய்" என்று ஒரு கூவல். ஒரே ஒரு சொல். பதில் வராது. அவளும் காத்திருப்பதில்லை. போலீசில் சொல்லிப் பார்த்தார்கள். மீன்காரி மீன் என்று கூவுவதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? நானும் இரண்டு தடவை அதைக் கேட்டேன். கேட்க வேண்டும் என்றே அந்தப் பக்கமாகப் போனேன்.

மேரியைச் சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு மாலை அவளை மாதா கோயில் வாசலில் பார்த்தேன். உயரமாகியிருந்தாள். அவளே வந்து "சார்" என்றாள். நெஞ்சில் கிடந்ததை அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நிகழ்ச்சித் தாளில் இருந்த சொல்லை அவள் தாயிடம் மறைத்ததை, தெரியாமல் போய்த் தேசம்மா அங்கே நிற்கும்படி ஆனதை, திக்கித் திக்கிச் சொன்னேன்.

மேரி என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"அம்மாவுக்கு முன்னாலயே தெரியும் சார். என்னைத் திரைக்குப் பின்னால நிக்க வெச்சிக்கிறாங்கன்னு நான் ஞாயித்துக்கெழமையே அழுதுக்கினு சொல்ட்டேன்."